பிராங்கோவின் ஸ்பெயின் பட்டினி கிடந்தது போராலா, தற்சார்புக் கொள்கையாலா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: 1940-களில் ஸ்பெயின் மக்கள் பட்டினி கிடந்ததற்கு, உள்நாட்டுப் போரில் ஜெயித்துச் சர்வாதிகாரியான ஜெனரல் பிராங்கோவின் தற்சார்புக் கொள்கையைக் காரணம் சொல்கிறார்கள். ஆனால் மூன்று வருட உள்நாட்டுப் போர், அது முடிந்த கையோடு உலகப் போர், நடுவில் வறட்சி, பிறகு உலக நாடுகள் ஒதுக்கி வைத்தது என்று இத்தனை இருக்கும்போது, பழியை எல்லாம் கொள்கையின் தலையில் போடுவது நியாயமா? இதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் நிற்கிறது என்று நினைக்கிறேன். நமக்கு வேண்டியதை நாமே விளைவித்துக்கொள்வோம், நாமே செய்துகொள்வோம் என்பதில் அப்படி என்ன தப்பு? கல்லூரியில் இருபத்தைந்து வருடம் ஐரோப்பியப் பொருளாதார வரலாறு நடத்தினேன். வருடம் தவறாமல் யாராவது ஒரு மாணவர் சரியாக இந்த இடத்தில் கையைத் தூக்குவார். முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு ஸ்பெயின் என்ற ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் எந்த மாதிரித் தற்சார்பு எப்படிக் கெட்டுப்போகும் என்பதை அந்த நாடு நன்றாகவே காட்டிக் கொடுக்கிறது.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். பிராங்கோ ஆட்சியைப் பாசிசம் என்று சொல்லலாமா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ராணுவம், கத்தோலிக்கத் திருச்சபை, பெருநிலக்காரர்கள், ஃபாலாங்கே என்ற பாசிசக் கட்சி என்று பல கைகள் சேர்ந்து தாங்கிய ஆட்சி அது. 1975 வரை நீண்ட அதன் முழு ஆயுளையும் பாசிசம் என்று எழுத நானும் தயங்குவேன். ஆனால் 1939-க்குப் பிந்தைய முதல் ஐந்தாறு வருடங்கள் வேறு கதை. பேச்சு, சீருடை, சட்டம் எல்லாவற்றிலும் ரோமும் பெர்லினும்தான் முன்மாதிரி. தற்சார்புக்கான வார்ப்பு இத்தாலியிலிருந்து வந்தது. முசோலினி 1925-இலேயே 'கோதுமைப் போர்' என்ற பெயரில் விளைச்சலைப் பெருக்கும் இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். எத்தியோப்பியாவின் மேல் படையெடுத்ததற்காக 1935-இல் சர்வதேசத் தடைகள் வந்ததும், 1936-இல் தற்சார்பையே நாட்டின் கொள்கையாக அறிவித்தார். பாலிலிருந்து பிரித்த கேசினை வைத்து 'லானிட்டால்' என்று ஒரு செயற்கைக் கம்பளி நூல்கூடத் தயாரித்தார்கள். இத்தாலியில் கோதுமை விளைச்சல் உண்மையிலேயே கூடியது, இறக்குமதியும் வெகுவாகக் குறைந்தது. அதற்கு விலை வேறு இடத்தில் கொடுத்தார்கள்: மேய்ச்சல் நிலத்தையும் பழத்தோட்டத்தையும் கோதுமை விழுங்கியது, உலகச் சந்தையில் மலிவாகக் கிடந்த தானியத்துக்கு இத்தாலியர்கள் கூடுதல் காசு கொடுத்தார்கள். ஆனால் கோதுமை என்னவோ விளைந்தது. ஸ்பெயினில் நடந்தது இதைவிட விநோதம். கோதுமையில் தற்சார்பு என்று சொல்லித் தொடங்கினார்கள், கோதுமையே குறைந்துபோயிற்று.

எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால் கொள்கை என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1939 ஏப்ரல் 1-இல் போர் முடிந்தது. அந்த வருடக் கடைசி நாள் பிராங்கோ ஆற்றிய உரையில் நம்பிக்கை கரைபுரண்டு ஓடியது. மண்ணுக்கடியில் ஏராளமாகத் தங்கம் இருக்கிறது, எண்ணெய் வடிக்கக்கூடிய பாறை இருக்கிறது, ஸ்பெயினுக்கு யார் தயவும் வேண்டாம் என்ற தொனி. இது வெறும் மேடைப் பேச்சு இல்லை. அதற்கு முன்பே, அக்டோபரிலும் நவம்பரிலும் இரண்டு தொழில் சட்டங்கள் வந்துவிட்டன. புதிதாக ஆலை தொடங்கவோ இருக்கிற ஆலையைப் பெரிதாக்கவோ அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். வெளிநாட்டு முதலீடு கால் பங்குக்கு மேல் போகக்கூடாது. இறக்குமதிக்கு லைசென்ஸ், அந்நியச் செலாவணிக்குக் கோட்டா. இத்தனைக்கும் மேல் நாணயக் கௌரவம்: ஒரு டாலருக்குச் சுமார் 11 பெசெட்டா என்று அரசு விலை வைத்து 1940-களின் பெரும்பகுதியை ஓட்டினார்கள். வெளியே கள்ளச் சந்தையில் பெசெட்டாவின் மதிப்பு அதைவிட எவ்வளவோ கீழே கிடந்தது.

இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நாணயத்தின் மதிப்பைச் செயற்கையாகத் தூக்கிப் பிடித்தால் ஏற்றுமதி செய்கிறவனுக்கு அடி விழும். வாலென்சியாவில் ஆரஞ்சு விற்கிறவர் வெளிநாட்டில் சம்பாதித்த ஒவ்வொரு டாலரையும் அரசிடம் அடிமாட்டு விலைக்குக் கொடுக்க வேண்டும். ஏற்றுமதி சுருங்கும், டாலர் வராது. டாலர் வராவிட்டால் உரமும் பஞ்சும் பெட்ரோலும் வராது. இருக்கிற கொஞ்ச டாலருக்கு ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள். அப்போது யாருக்குக் கிடைக்கும்? அமைச்சகத்தில் ஆள் தெரிந்தவருக்கு. வெளிநாட்டை நம்பாமல் இருக்கப் போட்ட திட்டம், வெளிநாட்டுச் சரக்கு ஒவ்வொன்றையும் தங்கமாக்கிவிட்டது.

இந்த மனநிலைக்கு ஓர் உதாரணம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆல்பர்ட் வான் ஃபிலெக் என்ற ஆஸ்திரியர் ஒருவர், தண்ணீரோடு சில செடிகளின் சாற்றையும் ஒரு ரகசியப் பொருளையும் கலந்து பெட்ரோல் எடுக்கத் தெரியும் என்றார். நம் ஊர் ஆட்களுக்கு இது எங்கோ கேட்ட கதையாக இருக்கும். பிராங்கோ நம்பினார். 1940 தொடக்கத்தில் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின, ஹராமா ஆற்றங்கரையில் ஆலைக்கு இடமும் பார்த்தார்கள். கடைசியில் எல்லாம் புளுகு என்று தெரிந்து ஃபிலெக் சிறைக்குப் போனார். ஸ்பெயினின் கார்களும் பஸ்களும் பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு, விறகும் கரியும் எரித்து வரும் வாயுவில் ஓடின. 'கசோஹெனோ' என்று அதற்குப் பெயர். ஏற்றத்தில் வண்டி திணறினால் பயணிகள் இறங்கித் தள்ளுவது சகஜம்.

சரி, கோதுமைக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது. உள்நாட்டுப் போரின்போது கோதுமை விளையும் காஸ்டில் சமவெளி பிராங்கோ கையிலும், பெரிய நகரங்கள் எதிரணியான குடியரசு அரசின் கையிலும் இருந்தன. அதனால் பிராங்கோ பகுதியில் தானியம் தேங்கியது. விலை விழாமல் இருக்க 1937-இல் தேசியக் கோதுமைத் துறை என்று ஒன்றை உருவாக்கினார்கள். கோதுமையை அரசுக்கு மட்டும்தான் விற்க வேண்டும், அரசு வைத்த விலைக்குத்தான் விற்க வேண்டும். வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் எடுத்துக்கொண்டு மீதியை முழுவதும் அளந்துவிட வேண்டும். உபரி காலத்துக்காகக் கட்டிய இந்த இயந்திரத்தை, போர் முடிந்து நகரங்களும் வந்து சேர்ந்த பிறகு, பற்றாக்குறை காலத்திலும் அப்படியே ஓட்டினார்கள். மற்ற எல்லாவற்றின் விலையும் ஏறிக்கொண்டிருக்க, கோதுமையின் கொள்முதல் விலை மட்டும் நொண்டியடித்தது.

இப்போது ஒரு காஸ்டில் விவசாயியின் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். போரில் கோவேறு கழுதைகள் போய்விட்டன. நாலு உழவு போட வேண்டிய இடத்தில் இரண்டுதான் முடியும். தழைச்சத்து உரம் பெரும்பாலும் இறக்குமதி, அது வரவில்லை. மணிச்சத்துக்கு வேண்டிய பாஸ்பேட் வட ஆப்பிரிக்காவிலிருந்து வர வேண்டும், அதிலும் தட்டுப்பாடு. விளைச்சல் குறைந்துபோன நிலையில் அரசு கொடுக்கும் விலை கூலிக்கே காணாது. அவர் என்ன செய்வார்? விலைக் கட்டுப்பாடு இல்லாத, அல்லது கெடுபிடி குறைந்த வேறு பயிருக்கு நிலத்தை மாற்றுவார். கோதுமை போட்டாலும் போட்ட பரப்பைக் குறைத்துச் சொல்வார். விளைந்ததில் பாதியைக் கணக்கில் காட்டாமல் பின்வாசல் வழியாக விற்பார். கள்ளச் சந்தையில் இரண்டு மூன்று மடங்கு கிடைத்தது. அரசு இதற்குக் கண்டுபிடித்த மருந்து, 1940-இல் கட்டாயச் சாகுபடிச் சட்டம்: இத்தனை ஏக்கர் கோதுமை போட்டே ஆக வேண்டும். விலையைக் கூட்டுவது மட்டும் அவர்கள் யோசனையில் வரவில்லை. வந்தபோதும் தாமதமாகவும் கஞ்சத்தனமாகவும்தான் வந்தது.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அரசின் விளைச்சல் புள்ளிவிவரம் நம்பத்தக்கதல்ல. எல்லோரும் மறைத்த காலத்தில் எடுத்த கணக்கு அது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு "விளைச்சல் இவ்வளவு விழுந்தது" என்று சொல்பவர்கள் பஞ்சத்தைக் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறைத்ததையும் சேர்த்துத் திருத்திப் பார்த்தார்கள். திருத்திய பிறகும் விளைச்சல் போருக்கு முந்தைய அளவைவிடக் கீழேதான் நின்றது. 1940-களில் பல வருடங்களில் அரசுக் கிடங்குக்குப் போன கோதுமையைவிடக் கள்ளச் சந்தைக்குப் போனது அதிகம் என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிய வந்தது. சட்டப்படியான சந்தையைவிடச் சட்டவிரோதச் சந்தை பெரிதாக இருந்தால், எதைச் சந்தை என்பது?

நகரத்தில் இது எப்படி இறங்கியது என்பது ரேஷன் கார்டில் தெரியும். 1939-இல் கார்டு வந்தது, 1952 வரை இருந்தது. ஆரம்பத்தில் வயது வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் ரொட்டி என்று அளவு வைத்தார்கள். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அதில் 80 சதவீதம், குழந்தைகளுக்கு 60. காகிதத்தில் கறி, மீன், சர்க்கரை, காப்பி எல்லாம் உண்டு. கடையில் இருந்ததோ அதில் ஒரு பங்கு. வந்த ரொட்டியும் சோளமாவு, பார்லி, தவிடு என்று கிடைத்ததையெல்லாம் கலந்த கறுப்பு ரொட்டி. வெள்ளை ரொட்டி வேண்டுமானால் தெரு முனையில் துணிக்குள் மறைத்து வைத்திருக்கும் பெண்ணிடம் கேட்க வேண்டும். புகையிலைக்குத் தனிக் கார்டு, அது ஆண்களுக்கு மட்டும்.

கள்ளச் சந்தைக்கு ஸ்பெயின்காரர்கள் வைத்த பெயர் 'எஸ்த்ரபெர்லோ'. 1935-இல் ஒரு சூதாட்டச் சக்கர ஊழல் வெடித்து, லெரூ என்ற அரசியல்வாதியின் செல்வாக்கை அடியோடு சாய்த்தது. அந்தச் சக்கரத்தைக் கொண்டுவந்த இரண்டு பேரின் பெயர்களைச் சேர்த்துச் செய்த சொல் அது. யாரோ முன்கூட்டியே வளைத்து வைத்த சக்கரத்தின் பெயரை மக்கள் கள்ளச் சந்தைக்கு வைத்தார்கள் பாருங்கள், எந்தப் பொருளாதாரக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடாது. கிராமத்திலிருந்து மாவும் எண்ணெயும் பருப்பும் ரயிலில் வந்தன. ஸ்டேஷனில் போலீஸ் சோதனை இருக்கும் என்பதால், வண்டி வேகம் குறையும் இடம் பார்த்து ஜன்னல் வழியாக மூட்டையைத் தள்ளிவிடுவார்கள். தண்டவாளத்துக்கு அருகே பிள்ளைகளோ தங்கையோ காத்திருந்து எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். பிடிபட்டால் அபராதம், பறிமுதல், சிறை. பெரிய அளவில் பதுக்கினால் மரண தண்டனை வரை போகலாம் என்று 1941-இல் சட்டம் போட்டார்கள். அபராதப் பட்டியல்களில் நிறைந்திருப்பவர்களோ விதவைகளும் கூலிக்காரர்களும் சின்ன விவசாயிகளும்தான். பெரிய கிடங்கும் சொந்த லாரியும் ஆளுநர் மாளிகையில் நண்பரும் உள்ளவர்கள் மூட்டையை ஜன்னல் வழியாகத் தள்ள வேண்டியதில்லை.

நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியக்கூடிய ஒரு விஷயம் இந்தப் பஞ்சத்தில் உண்டு: கேசரிப் பருப்பு. துவரம் பருப்பில் கலப்படம் செய்கிறார்கள் என்று நாம் பயப்படும் அதே பருப்புதான். ஸ்பெயினில் அதற்கு 'அல்மோர்த்தா' என்று பெயர். வறண்ட மண்ணிலும் விளையும் என்பதால் லா மாஞ்சா பக்கத்து ஏழைகள் அதை மாவாக்கிக் கூழ் காய்ச்சிக் குடிப்பது பழைய வழக்கம். எப்போதாவது குடித்தால் ஒன்றும் செய்யாது. ஆனால் கோதுமை இல்லாமல் போய், மாதக்கணக்கில் அதையே முக்கிய உணவாகத் தின்றபோது கால் விறைத்து நடக்க முடியாமல் போயிற்று. 1941 முதல் 1943 வரை ஸ்பெயின் மருத்துவர்கள் இப்படி நிறையப் பேரைப் பார்த்தார்கள். 1944-இல் மனிதர் உண்பதற்கு அந்த மாவைத் தடை செய்தார்கள். இந்தியாவில் கேசரிப் பருப்புக்குத் தடை வந்தது 1961-இல். நான் மருத்துவன் இல்லை, அந்த நோயின் நுணுக்கத்துக்குள் போக மாட்டேன். ஆனால் வரலாறு படிக்கிறவனுக்கு இது ஒரு நல்ல தடயம். சாவுக் கணக்கை மறைக்கலாம், கோதுமைக் கணக்கை மாற்றி எழுதலாம். மருத்துவமனைக்கு வந்த விறைத்த கால்கள், அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

எத்தனை பேர் செத்தார்கள்? பசியாலும், பசியோடு ஒட்டி வந்த நோய்களாலும் சுமார் 2 லட்சம் பேர் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. இது மதிப்பீடுதான். போர் இல்லாதிருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று ஊகித்து, உண்மையான இறப்பிலிருந்து கழித்து வருகிற எண். ஊகத்தை மாற்றினால் எண்ணும் மாறும். பேன் வழியாகப் பரவும் டைபஸ் காய்ச்சல் 1941-இல் அந்தலூசியாவிலும் மத்ரித்திலும் ஆட்டிப்படைத்தது என்பதும், அந்த வருடங்களில் வளர்ந்த பிள்ளைகள் பிறகு ராணுவத்துக்கு அளவெடுக்கப் போனபோது உயரம் குறைந்திருந்தார்கள் என்பதும் உறுதியான செய்திகள். எனக்கு இந்த உயரக் கணக்குதான் அதிகம் உறைத்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். மற்ற காரணங்கள் பொய்யா? இல்லை. போரில் ரயில் எஞ்சின்களும் கால்நடைகளும் பெருமளவில் போயின. ஸ்பெயினின் தங்க இருப்பில் பெரும்பகுதி, சுமார் 510 டன், 1936-இலேயே குடியரசு அரசால் மாஸ்கோவுக்கு அனுப்பப்பட்டுப் போர்ச் செலவில் கரைந்துவிட்டது. ஆக, கஜானா உண்மையிலேயே காலி. உலகப் போரில் கடல் வழியைப் பிரிட்டன் கட்டுப்படுத்தியது, அது அனுமதித்த அளவுக்குத்தான் கோதுமையும் எண்ணெயும் வரும். 1944-இல் ஜெர்மனிக்கு, ஆயுதத் தயாரிப்புக்கு வேண்டிய டங்ஸ்டன் உலோகத்தை அனுப்புவதை நிறுத்தச் சொல்லி அமெரிக்கா சில மாதம் எண்ணெயையே நிறுத்தியது. 1945-இல் கடும் வறட்சி. 1946-இல் பிரான்ஸ் எல்லையை மூடியது, ஐ.நா. தூதர்களைத் திரும்ப அழைக்கச் சொன்னது. போருக்குப் பின் ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா பணம் கொடுத்த மார்ஷல் திட்டத்தில் ஸ்பெயினுக்கு இடம் கிடைக்கவில்லை. எல்லாமே நடந்தவை.

ஆனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தால் பாரம் தாங்காது. போரில் ஆலைகள் பெரும்பாலும் தப்பித்துவிட்டன. பாஸ்க் பகுதி இரும்பாலைகள் 1937-இல் ஏறக்குறைய முழுசாகவே பிராங்கோ கைக்கு வந்தன. உலகப் போரைப் பொறுத்தவரை, முதல் உலகப் போரிலும் ஸ்பெயின் நடுநிலை நாடுதான். அப்போது இரு தரப்புக்கும் விற்றுத் தங்கத்தைக் குவித்தது. இரண்டாம் போரில் நடுநிலையாக இருந்த சுவீடன், சுவிட்சர்லாந்து, போர்ச்சுகல் எதுவும் ஸ்பெயின் அளவுக்குக் கீழே விழவில்லை. அதிலும் பக்கத்து வீடான போர்ச்சுகலில் இருந்ததும் சர்வாதிகாரம்தான், ஏழை நாடுதான். மேலும் அந்தப் பஞ்ச வருடங்களிலேயே, உள்நாட்டுப் போரில் ஹிட்லர் செய்த உதவிக்கான கடனை அடைக்க ஜெர்மனிக்கு உணவுப் பொருளும் தாதுவும் போய்க்கொண்டிருந்தன. உலக நாடுகள் ஒதுக்கியது 1946-இல். பட்டினி அதற்கு ஐந்து வருடம் முன்பே உச்சத்தில் இருந்தது. வறட்சி? அரசுப் பத்திரிகைகளில் 'விடாப்பிடி வறட்சி' என்பது நிரந்தரத் தலைப்பாகவே ஆகிவிட்டது. மழை பெய்த வருடங்களிலும் கடையில் ரொட்டி இல்லை. 1950-களின் தொடக்கத்தில் கொள்முதல் விலையைக் கூட்டி, கெடுபிடியைத் தளர்த்தியதும் தானியம் வெளியே வந்தது. மழையும் கைகொடுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே மண், அதே விவசாயிதான்.

மொத்தக் கணக்கு இப்படி: உலகப் போரில் நொறுங்கிய மேற்கு ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் ஐந்தாறு வருடத்தில் போருக்கு முந்தைய வருமானத்தைத் தொட்டுவிட்டன. ஸ்பெயினுக்கு, தலா வருமானத்தில் தன் பழைய நிலைக்குத் திரும்பவே 1950-கள் ஆயிற்று. 1939-இலிருந்து எண்ணினால் பத்து வருடத்துக்கு மேல். இதில் எத்தனை வருடம் போரால், எத்தனை வருடம் கொள்கையால் என்று யாராவது துல்லியமாகப் பிரித்துச் சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பங்கு கொள்கையுடையது என்பதில் இன்று இந்தத் துறையில் அதிகம் சண்டை இல்லை. அளவில்தான் சண்டை.

தொழில் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். 1941-இல் தேசியத் தொழில் நிறுவனம் என்ற அரசு அமைப்பு தொடங்கியது. தலைவர் சுவான்செஸ், பிராங்கோவின் ஊர்க்காரர், சிறுவயது நண்பர், கடற்படைப் பொறியாளர். முசோலினியின் 1933-ஆம் வருட அமைப்பைப் பார்த்துச் செய்தது என்றாலும், இத்தாலியில் அது மூழ்கிய வங்கிகளைத் தூக்கி நிறுத்த வந்தது. ஸ்பெயினில் எதை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோமோ அதையெல்லாம் என்ன செலவானாலும் உள்ளேயே செய்ய வந்தது. புவர்தோயானோவில் பாறையைச் சுட்டு எண்ணெய் வடித்தார்கள், வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட எத்தனையோ அதிகச் செலவில். மின்கட்டணத்தைப் பழைய விலையிலேயே உறைய வைத்ததால் புது மின்நிலையம் கட்ட யாருக்கும் ஆசை வரவில்லை. 1944-இலிருந்து பத்து வருடம் போல மின்வெட்டு. பார்சிலோனா நெசவாலைகள் பஞ்சு இல்லாத நாளில் பஞ்சுக்காகவும், பஞ்சு வந்த நாளில் மின்சாரத்துக்காகவும் காத்திருந்தன. இதற்கு நடுவில், 1951-இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் இந்த அரசு நிறுவனத்தின் 'பெகாசோ' விளையாட்டுக் கார் ஒன்று வந்து நின்றது. அன்றைய உலகின் அதிவேகக் கார்களில் ஒன்று. மொத்தமே நூறுக்கும் குறைவாகத்தான் செய்தார்கள். ஸ்பெயினில் அப்போதும் ரேஷன் கார்டு கிழிந்தபாடில்லை. அந்தக் கார் ஒரு தனிமனிதக் கிறுக்கு என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலையே பார்க்காமல் பெருமையைத் தயாரிப்பது அந்த அமைப்பின் இயல்பு.

யார் பிழைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது ஏதோ முட்டாள்தனம் என்று மட்டும் தோன்றும். தொழிற்சங்கங்கள் தடை, வேலைநிறுத்தம் குற்றம், கூலியை அரசே ஆணை போட்டு வைத்தது. வாங்கும் திறனில் கூலி போருக்கு முந்தையதில் பாதி அளவுக்கு இறங்கியது என்று பல மதிப்பீடுகள் சொல்கின்றன. கள்ளச் சந்தையில் தானியம் விற்ற பெருநிலக்காரர், லைசென்ஸ் பிடித்த ஆலைக்காரர், போட்டிக்குப் புது ஆள் வர முடியாமல் கதவடைத்த பழைய வங்கிகள் — இவர்களுக்கு அது கெட்ட காலம் இல்லை. இத்தனை வருடம் ஏன் மாற்றவில்லை என்பதற்குப் பிடிவாதம் ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம். எது பெரியது என்பதில் எனக்கே வருடத்துக்கு ஒரு கருத்து.

தற்சார்பு கடைசியில் யாரைச் சார்ந்து நின்றது? முதலில் அர்ஜென்டினாவை. 1946-லும் 1948-லும் போட்ட ஒப்பந்தங்களில் அந்த நாட்டு அதிபர் பெரோன் கடனுக்குக் கோதுமை கொடுத்தார். 1947-இல் அவர் மனைவி எவா பெரோன் மத்ரித்துக்கு வந்தபோது கொடுத்த ராஜ வரவேற்புக்குப் பின்னால் அந்த மூட்டைகள் இருந்தன. அர்ஜென்டினாவுக்கே காசு தட்டியதும் அந்தக் கதவு மூடியது. அப்புறம் அமெரிக்கா: 1950-இல் 6.25 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல், 1953-இல் ராணுவத் தளங்களுக்கு இடம் கொடுத்து உதவி. இடையில் 1951 மார்ச்சில் பார்சிலோனாவில் டிராம் கட்டணம் 50 சென்டிமோவிலிருந்து 70 ஆனபோது ஊரே டிராமைப் புறக்கணித்து நடந்தது. மத்ரித்தில் கட்டணம் 40-தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டம் முடிந்து, கொட்டும் மழையில், காலியாக நின்ற டிராம்களைத் தாண்டி ரசிகர்கள் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தார்கள். உயர்வைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வருடமே அமைச்சரவை மாறியது, கெடுபிடி தளரத் தொடங்கியது.

முழுசாகக் கைவிட்டது 1959-இல். கஜானாவில் அந்நியச் செலாவணி வறண்டுபோன நிலை. உயாஸ்த்ரேஸ், நவாரோ ரூபியோ என்ற இரண்டு அமைச்சர்கள் முன்னின்று, ஒரு டாலருக்கு 60 பெசெட்டா என்று நாணய மதிப்பை இறக்கி, இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். பிராங்கோவுக்கு விருப்பமே இல்லை. மறுபடியும் ரேஷன் கார்டு அச்சடிக்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுத்தான் அவரை மடக்கியதாக நவாரோ ரூபியோ பிற்காலத்தில் சொன்னார். சம்பந்தப்பட்டவரே சொன்னது என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். ஆனாலும் எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது.

பிறகு வந்த பதினைந்து வருடம் ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சதவீத வளர்ச்சி. இங்கேதான் தற்சார்பை ஆதரிப்பவர்கள், "அதற்கு அஸ்திவாரம் போட்டது 40-களில் கட்டிய ஆலைகள்தானே" என்பார்கள். முழுக்கத் தள்ளிவிட முடியாத வாதம் இது. அவிலேஸ் உருக்காலையும் சேயாத் கார் ஆலையும் அரசு அமைப்பு பெற்றவைதான். ஆனால் இரண்டும் 1950-இல் தொடங்கியவை, உற்பத்திக்கு வந்தபோது கெடுபிடி தளர்ந்துவிட்டது. 1957-இல் நாட்டையே சக்கரத்தில் ஏற்றிய சேயாத் 600 இத்தாலியின் ஃபியட் லைசென்ஸில் வந்தது. வெளியிலிருந்து இயந்திரமும் நுட்பமும் வராமல் இருந்திருந்தால் அந்த ஆலைகள் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு 40-களே பதில். நமக்கு வேண்டியதை நாமே செய்வதில் தப்பில்லையே என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, ஸ்பெயினை வைத்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: விளைவிக்கிறவனுக்குக் கட்டுபடியாகாத விலையை வைத்து, எதிர்த்துப் பேச ஒரு பத்திரிகையும் சங்கமும் இல்லாமல் செய்துவிட்டு, அதற்குத் தற்சார்பு என்று பெயர் வைத்தார்கள். விலை தவறு என்று அந்த விவசாயி மூட்டையை ஒளித்து வைத்துத்தான் சொல்ல முடிந்தது. அந்த மூன்றையும் பிரித்துவிட்டு, தற்சார்பை மட்டும் தனியாகச் சோதித்துப் பார்க்க ஸ்பெயின் இடம் கொடுக்கவில்லை.

இன்னொன்று. 60-களில் இறக்குமதிக்கான காசு எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? கடற்கரைக்கு வெயில் காய வந்த வெளிநாட்டவரிடமிருந்து ஒரு பகுதி. 1960-இல் சுமார் 60 லட்சமாக இருந்த அந்தக் கூட்டம் 1970-இல் 2 கோடியே 40 லட்சம் ஆகிவிட்டது. இன்னொரு பகுதி, ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் வேலைக்குப் போன ஸ்பெயின்காரர்கள் மாதா மாதம் வீட்டுக்கு அனுப்பிய பணம். அவர்களில் பலர், கறுப்பு ரொட்டி தின்று வளர்ந்த அந்த உயரம் குறைந்த பிள்ளைகள்தான்.